'மச்சான்': நகையும் குற்றமும் உழைப்பின் விலையும்

1

நகைச்சுவையைத் தரங்குறைந்த கலையாகக் கருதி, ஆய்வுக்குரிய பொருள்களிலிருந்து அதனை ஒதுக்கிவைக்கும் மனப்போக்கு நம்மிடையே நெடுங்காலமாக நிலவி வருகின்றது. அவலத்துக்கு அளிக்கப்படும் மதிப்பு நகைக்கு அளிக்கப்படுவதில்லை. ஆயின் நமது இலக்கணமரபு இம்மனப்போக்குக்கு ஆதரவாக இல்லை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலிலே எட்டு மெய்ப்பாடுகளை நிரற்படுத்தியபோது நகையையே முதற்கண் வைத்தார். அது தோன்றுவதற்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களையும் வகுத்தார். இவை தன்னிடத்தும் தோன்றலாம், பிறரிடத்தும் தோன்றலாம் என்பது உரைகாரர் காட்டும் நுட்பமாகும். பேதைமையையும் மடனையும் அவர்கள் வேறுபடுத்தினர். பேதைமை அறியாமை. மடனோ, பிறர் கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை எந்நிலையிலும் விடாதிருத்தல்.

இப்பாகுபாட்டில் சமூகவியல் நோக்கிலான வினாவொன்று பொதிந்துள்ளது. யார் யாரைக் கண்டு சிரிக்கின்றனர்? எவரது அறியாமை சிரிப்புக்குரியதாகின்றது? எவரது மடமை சிரிப்புக்கு அப்பாற்பட்டதாகப் பேணப்படுகின்றது? வர்க்கங்களாகப் பிளவுண்ட சமுதாயத்திலே சிரிப்பு நடுநிலையானதாக இருத்தல் இயலாது. அது மேலிருந்து கீழ்நோக்கியும் பாயலாம்; கீழிருந்து மேல்நோக்கியும் பாயலாம்.

இவ்வினாவை, உண்மையில் நிகழ்ந்த குற்றமொன்றை ஆதாரமாகக் கொண்ட நகைச்சுவைத் திரைப்படமொன்றின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் எடுத்துக்கொண்டது 2008 இல் வெளிவந்த 'மச்சான்'. பெருமளவிற்குச் சிங்கள மொழியில் அமைந்த இப்படத்தை உபெர்த்தோ பசோலினி இயக்கினார். நம் நாட்டு நாடகாசிரியர் ருவந்தி டி சிக்கேராவும் அவரும் இணைந்து திரைக்கதையை ஆக்கினர். இப்படத்தைத் தமிழ் வாசகர் போதிய அளவு கவனித்திலர் என்பது எமது எண்ணம். பெயர் தமிழ்ச்சொல்லாக இருந்தும் பொருள் நமக்கு அந்நியமானது எனக் கருதப்பட்டமை அதற்கொரு காரணமாகலாம். அது எவ்வளவுக்கு அந்நியமானது என்பதனையும் இக்கட்டுரை நோக்கும்.

2

தடுமாறும் குற்றவாளிகளைப் பற்றிய நகைச்சுவைப் படம் உலகத் திரைப்படத்திலே தனியொரு வகையாக வளர்ந்துள்ளது. அவ்வகைக்கு முன்மாதிரியென விமர்சகர் பலரும் சுட்டுவது, 1958 இல் இத்தாலியில் மரியோ மொனிச்செல்லி இயக்கிய 'ஐ சொலிட்டி இக்னோட்டி'. வழமையான, அடையாளம் அறியப்படாத பேர்வழிகள் என்பது அத்தலைப்பின் பொருள். உரோமாபுரியின் வேலையற்ற ஏழைகள் சிலர் அடைவுகடையொன்றைக் கொள்ளையிட முனைகின்றனர். நெடுநாள் திட்டமிட்டு, இரவெல்லாம் பாடுபட்டு, தவறான சுவரை உடைத்துவிடுகின்றனர். பின்னர் அங்குள்ள சமையலறையிலே கிடைத்த உணவை உண்டுவிட்டுக் கலைந்து செல்கின்றனர். போருக்குப் பிந்திய இத்தாலியில் 'பொருளாதார அற்புதம்' என்று போற்றப்பட்ட வளர்ச்சி எவரைத் தொடாமற் சென்றது என்பதை அப்படம் சிரித்துக்கொண்டே கூறிற்று. பசித்தவன் கொள்ளைக்காரனாக முயன்றும் உணவுக்கு மேல் எதையும் பெறவில்லை என்ற முடிவு, நகையின் வழியாகச் சொல்லப்பட்ட யதார்த்தமாகும்.

ஆயின் இவ்வகை யாவும் அத்தகைய பார்வையைக் கொண்டிருப்பதில்லை. 1997 ஒக்டோபரில் அமெரிக்காவின் வட கரோலைனா மாநிலத்துச் சார்லட் நகரில், பணத்தைப் பாதுகாப்பு வண்டிகளிற் கொண்டுசெல்லும் நிறுவனமொன்றின் ஊழியர் அதன் பெட்டகத்திலிருந்து ஒரு கோடியே எழுபது இலட்சம் டொலருக்கும் மேற்பட்ட தொகையைக் கடத்தினார். அவரும் கூட்டாளிகளும் வெகுவிரைவிற் பிடிபட்டனர். கூட்டாளிகள் பெருமாளிகை வாங்கிப் பகட்டாகச் செலவிட்டமை அவர்களைக் காட்டிக்கொடுத்தவற்றுள் ஒன்று. இந்நிகழ்ச்சியைத் தழுவி 2016 இல் 'மாஸ்டர்மைண்ட்ஸ்' என்னும் நகைச்சுவைப் படம் வெளியாயிற்று. அதிலே நாம் எதைக் கண்டு சிரிக்குமாறு வேண்டப்படுகின்றோம்? தொழிலாளரின் தலைமயிர் ஒப்பனையை, உடையை, பேச்சை, அவர்களது இரசனையை. செல்வந்தர் அன்றாடம் செய்யும் வீண்செலவை ஏழைகள் செய்யும்போது அது கேலிக்குரியதாகின்றது. நாளெல்லாம் பிறர் பணத்தைக் கட்டுக்கட்டாகச் சுமந்துவிட்டு மணிக்கூலியோடு வீடு திரும்பும் மனிதனின் நிலையிலுள்ள முரண்பாடு அப்படத்தில் எழவேயில்லை. தொல்காப்பியர் வகுத்த முறையிற் கூறுவதாயின், ஏழையின் பேதைமையே அங்கு நகைக்கு ஒரே நிலைக்களன்.

தமிழ்த் திரைப்படத்திற்கு வருவோம். 1987 மார்ச்சில் பம்பாயின் ஒப்பரா ஹவுஸ் பகுதியிலிருந்த நகைமாளிகையொன்றில் நிகழ்ந்த கொள்ளை இந்தியக் குற்ற வரலாற்றில் விசித்திரமானது. மத்திய புலனாய்வுத் துறை அதிகாரி போன்று நடித்த ஒருவர், புலனாய்வு உத்தியோகத்துக்கு ஆட்கள் தேவையெனப் பத்திரிகையில் விளம்பரஞ் செய்தார். நேர்முகப் பரீட்சைக்கு வந்த படித்த இளைஞர் இருபதுக்கு மேற்பட்டோரைத் தெரிந்தெடுத்தார். பயிற்சிச் சோதனையென்று கூறி அவர்களைப் பேருந்தில் அழைத்துச் சென்று நகைமாளிகையை 'சோதனையிட'ச் செய்தார். நகைகளோடு அவர் மறைந்தார். கடையைக் காவல் செய்தவாறு இளைஞர்கள் அவர் வருகைக்காகக் காத்திருந்தனர். அம்மனிதர் இன்றுவரை பிடிபடவில்லை.

இந்நிகழ்ச்சியிலிருந்து 2013 இல் இந்தியில் 'ஸ்பெஷல் 26' பிறந்தது. அதனைத் தழுவி 2018 இல் விக்னேஷ் சிவன் இயக்கத்தில் 'தானா சேர்ந்த கூட்டம்' வெளியாயிற்று. தமிழ்ப்படம் மூலத்தில் இல்லாத சமூகக் காரணமொன்றைச் சேர்த்தது: கையூட்டின்றி உத்தியோகம் கிடையாது என்ற நிலை. நண்பனொருவன் வேலை கிடையாமையால் உயிர்துறக்கின்றான்; கதாநாயகன் போலி அதிகாரியாகின்றான். இது வரவேற்கத்தக்க மாற்றமே. ஆயினும் அதன் எல்லையும் தெளிவு. உண்மை நிகழ்ச்சியின் சமூக உள்ளடக்கம் முழுவதும் அந்தக் கடையிலே காத்திருந்த இளைஞர்களிடமே உண்டு. வேலை என்ற சொல்லைக் கேட்டவுடன் எவ்வித ஐயமுமின்றி வரிசையில் நின்றோர் அவர்கள். திரைப்படமோ, ஏமாற்றியவனை நீதிமானாக உயர்த்தி நட்சத்திர நாயகனின் தோளில் வைக்கின்றது. வேலையின்மை என்னும் அமைப்புசார் பிரச்சினை, ஒழுக்கங்கெட்ட அதிகாரி ஒருவருக்கும் ஒழுக்கமுள்ள ஏமாற்றுக்காரன் ஒருவனுக்கும் இடையிலான பகையாகச் சுருங்குகின்றது.

ஏழையைக் கேலிசெய்வதும் ஏழையை நாயகனாக்கிப் பிரச்சினையை மறைப்பதும் எதிரெதிரான இரு வழிகள் போலத் தோன்றினும் விளைவு ஒன்றே. இரண்டிலும் குற்றத்தின் சமூக அடிப்படை கண்ணுக்குப் புலப்படுவதில்லை. இவ்விரண்டிற்கும் அப்பால் மூன்றாவது வழியொன்று உண்டா என்பதே 'மச்சான்' முன்வைக்கும் வினா.

3

'மச்சான்' ஆதாரமாகக் கொண்ட நிகழ்ச்சியை முதலிற் சுருக்கமாகக் கூறுதல் வேண்டும். 2004 செப்டெம்பரில் இலங்கையின் தேசிய கைப்பந்தாட்ட அணி என்று கூறிக்கொண்டு 23 பேர் ஜேர்மனியின் பவேரியா மாநிலத்துக்குச் சென்றனர். (இது நம் பாடசாலைகளில் ஆடப்படும் கரப்பந்தாட்டம் அன்று; பந்தைக் கையால் எறிந்து கோலிடும் ஆட்டம்.) வித்திஸ்லிங்கன் என்னும் சிற்றூரிலே உள்ளூர் அணியோடு ஆடிப் படுதோல்வி அடைந்தனர். சில தினங்களில் ஒருநாட் காலை அவர்கள் அனைவரும் மறைந்தனர். விருந்தோம்பலுக்கு நன்றி கூறும் குறிப்பொன்றை விட்டுச்சென்றனர் என்று அக்காலச் செய்திகள் கூறின. விசாரித்தபோது, இலங்கையில் அவ்வாறானதொரு தேசிய அணியே இல்லை என விளையாட்டுத் துறையினர் அறிவித்தனர்.

திரைப்படம் இந்நிகழ்ச்சியின் முன்கதையைக் கற்பனையால் நிரப்புகின்றது. கொழும்பின் சேரிப்புறமொன்றிலே நெருக்கடியில் வாழும் ஸ்டான்லி, அவன் நண்பன் மனோஜ் ஆகியோரைச் சுற்றிக் கதை அமைகின்றது. ஜேர்மன் விசாவுக்கு முயன்று தோல்வியுறும் இவர்களுக்குப் பவேரியக் கைப்பந்தாட்டப் போட்டியொன்றின் அழைப்புப் பற்றித் தெரியவருகின்றது. கடிதங்கள் எழுதப்படுகின்றன; அணி உருவாகின்றது; கடனாளிகள், வேலையற்றோர், எங்காவது சென்றுவிட வேண்டுமென ஏங்குவோர் என ஒவ்வொருவராக வந்து சேர்கின்றனர். எவருக்கும் அந்த ஆட்டம் தெரியாது. எப்படியோ விசா கிடைக்கின்றது. வந்திறங்கியதும் மறைந்துவிடலாம் என்றிருந்தோர் உண்மையாகவே மைதானத்தில் இறங்கி ஆடவேண்டி நேர்கின்றது.

இயக்குநர் இத்தாலியர், இங்கிலாந்தைத் தளமாகக் கொண்டு இயங்கியவர். 1997 இல் வெளிவந்த 'த ஃபுல் மொன்டி' படத்தின் தயாரிப்பாளர் அவரே. உருக்குத் தொழில் வீழ்ச்சியடைந்த ஷெஃபீல்ட் நகரிலே வேலையிழந்த தொழிலாளர் சிலர் பிழைப்புக்காக மேடையில் ஆடை களைந்து ஆட முனைவதே அப்படத்தின் கதை. இரு படங்களுக்கும் அடிப்படையான ஒற்றுமை உண்டு. கற்ற தொழிலுக்கு விலையில்லாத நிலையிலே, அறியாத தொழிலொன்றை அறிந்ததாக நடிக்கும் மனிதர்களை இரண்டும் காட்டுகின்றன. நடிப்பின் தடுமாற்றத்தில் நகை தோன்றுகின்றது. ஆனால் அத்தடுமாற்றம் பாத்திரங்களின் இயல்பான குறைபாட்டால் விளைவதாகக் காட்டப்படுவதில்லை. சந்தை அவர்களிடம் இல்லாத ஒன்றைக் கேட்பதனால் விளைகின்றது.

இங்குதான் நகையின் நிலைக்களன் இடம்மாறுகின்றது. தூதரகத்தின் முன்னே மனிதன் உண்மையைக் கூறுகின்றான்: நான் ஏழை, உழைக்க விரும்புகின்றேன். அவ்வுண்மை நிராகரிக்கப்படுகின்றது. அதே மனிதன் பொய்யைக் கூறுகின்றான்: நான் வீரன், விளையாடிவிட்டுத் திரும்பிவிடுவேன். அப்பொய் முத்திரை குத்தி ஏற்றுக்கொள்ளப்படுகின்றது. தாள் சரியாக இருந்தமையால் அந்நாட்டில் இல்லாத அணியொன்று இருப்பதாகிவிடுகின்றது. கற்பித்ததைப் பற்றிக்கொண்டு, பற்றியதை விடாதிருத்தல் என்று உரைகாரர் கூறிய மடன் இங்கு யாரிடம் காணப்படுகின்றது? சேரிவாசியிடமன்று, கோப்புகளையே உலகமென நம்பும் அதிகார அமைப்பிடம். கீழிருந்து மேல்நோக்கிப் பாயும் சிரிப்பு இதுவே.

4

கொள்ளைப் படங்கள் அனைத்திலும் களவாடப்படும் பொருள் ஒன்றுண்டு. மொனிச்செல்லியின் ஏழைகளுக்கு அது பெட்டகம். சார்லட் நகரில் டொலர்க் கட்டுகள். பம்பாயில் நகைகள். 'மச்சான்' படத்தின் 'குற்றவாளிகள்' எதனைக் களவாடினர்? அவர்கள் எவருடைய பணத்தையும் எடுக்கவில்லை; எந்தச் சுவரையும் உடைக்கவில்லை. பவேரியாவிலே மறைந்த மனிதன் அடுத்துச் செய்யப்போவது யாது? உணவகமொன்றின் பின்புறத்திற் பாத்திரம் கழுவுவான். கட்டடங்களில் துப்புரவு செய்வான். அந்நாட்டினன் ஏற்க மறுக்கும் கூலிக்கு, மறுக்கும் நேரத்தில் வேலை செய்வான். அதாவது, தன் உழைப்புச் சக்தியை விற்பதற்கான அனுமதியை மட்டுமே அவன் களவாடியுள்ளான். சுரண்டப்படுவதற்கான உரிமையையே திருடவேண்டிய நிலைக்கு மனிதன் தள்ளப்பட்டுள்ளான் என்பதே இந்நகைச்சுவையின் அடியிலுள்ள அவலமாகும்.

கூலித் தொழிலாளி இருவகையிற் 'சுதந்திர'மானவன் என மார்க்ஸ் 'மூலதனம்' நூலிலே கசப்பான நகையுணர்வோடு விளக்கினார். தன் உழைப்புச் சக்தியை விற்கும் சுதந்திரம் அவனுக்குண்டு. உற்பத்திச் சாதனங்கள் எவையும் இல்லாமையால் அவற்றின் பிணைப்பிலிருந்தும் அவன் 'விடுபட்டவன்'. ஆயின் நமது காலத்தின் உலக முதலாளித்துவம் இம்முதலாவது சுதந்திரத்தையும் எல்லைக்கோட்டிலே நிறுத்திவிடுகின்றது. மூலதனம் கடவுச்சீட்டின்றிச் செல்கின்றது. கட்டுநாயக்கவில் தைக்கப்பட்ட ஆடை பவேரியாவின் கடைக்கு எத்தடையுமின்றிப் போய்ச்சேர்கின்றது. அதனைத் தைத்த பெண்ணின் சகோதரன் போய்ச்சேர முடிவதில்லை. ஆனால் அவனது உழைப்பு அங்கு தேவையற்றது என்று இதற்குப் பொருள்கொள்ளுதல் தவறு. அது மலிவாக, உரிமையற்றதாக, ஒளிந்துகொள்வதாகத் தேவைப்படுகின்றது. 'சட்டவிரோதம்' என்ற முத்திரை அவனை வெளியே நிறுத்துவதிலும் பார்க்க, உள்ளே வந்தபின் அவன் விலையைக் குறைப்பதிலேயே கூடுதலாகப் பயன்படுகின்றது.

குற்றவாளியும் உற்பத்தி செய்கின்றான், அவனே குற்றவியற் சட்டத்தையும் அதனை விரிவுரை செய்யும் பேராசிரியரையும் உற்பத்தி செய்கின்றான் என்று மார்க்ஸ் வேறோரிடத்தில் நையாண்டியாக எழுதினார். போலிக் கைப்பந்தாட்டக்காரனும் அவ்வாறே: புதிய விசா விதிகளையும், கைவிரற் பதிவுகளையும், முகவர்களையும், அவர்களைப் பிடிக்கும் பிரிவுகளையும் உற்பத்தி செய்கின்றான். இவை ஒவ்வொன்றும் அடுத்த ஏழை செலுத்தவேண்டிய விலையை உயர்த்துகின்றன.

'மச்சான்' இவற்றையெல்லாம் கூறுகின்றதா என ஒருவர் வினவலாம். நேரடியாகக் கூறவில்லை, கூறவேண்டிய கட்டாயமுமில்லை. கலைப்படைப்பு ஆய்வுரை அன்று. ஆயின், ஒரு முரண்பாட்டை அதன் பருமை குன்றாமற் காட்டியமையால், அதன் காரணத்தைத் தேடும் மனநிலையைப் பார்வையாளரிடம் அது தோற்றுவிக்கின்றது. அவ்வளவில் இப்படம் முற்போக்கான பணியொன்றை ஆற்றியுள்ளது என்பதில் எமக்கு ஐயமில்லை.

5

இனி, இப்படத்தின் எல்லைகளை நோக்குவாம். அவற்றைக் கொழும்பிலிருந்து நோக்குவதிலும் பார்க்க மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து நோக்குதல் பொருத்தமுடையது.

கிரானிலே நண்பர்கள் சிலரோடு இப்படத்தை அண்மையில் மீண்டும் பார்த்தோம். அவ்வூரின் மேற்கே படுவான்கரை வயல்கள். மாரியில் வெள்ளம் மேவும்போது அப்பாற் செல்லத் தோணியும் உழவு இயந்திரமுமே துணை. வடக்கே வாழைச்சேனையில், ஒருகாலத்தில் இப்பிரதேசத்துக்கு நிரந்தரக் கூலி வழங்கிய காகித ஆலை, நலிந்து முடங்கிய வரலாற்றோடு நிற்கின்றது. வயல் எல்லோருக்கும் இல்லை. ஆலை எவருக்கும் இல்லை என்ற நிலையில், வெளிநாடு என்பது இங்கு கனவாக அன்றிக் குடும்பக் கணக்கின் ஒரு வரியாகவே இருந்துவருகின்றது. படம் பார்த்தோருள் குவைத்தில் வீட்டுப்பணிப்பெண்ணாகப் பல்லாண்டு உழைத்துத் திரும்பிய அம்மையார் ஒருவரும் இருந்தார். தூதரகக் காட்சியில் எல்லோரும் சிரித்தபோது அவரும் சிரித்தார். படம் முடிந்ததும், "அவங்கட கதை முடியிற இடத்திலதான் தம்பி எங்கட கதை தொடங்கிற" என்றார். இதனிலும் செறிவான விமர்சனத்தை நாம் வேறெங்கும் கண்டிலோம்.

அவர் கூற்றில் இரு கருத்துகள் அடங்கியுள்ளன. முதலாவது, மறைந்து செல்லுதல் விடுதலையாகக் காட்டப்படுவது. மறைந்தவன் உற்பத்தி உறவுகளிலிருந்து விடுபடவில்லை. அவற்றின் மிகக் கீழான படியிற் சேர்ந்துகொள்கின்றான். நகைச்சுவைக்கு மகிழ்ச்சியான முடிவு வேண்டும் என்ற மரபு, கதையை அதற்கு முன்னரே நிறுத்திவிடுகின்றது.

இரண்டாவது, 'எங்கட' என்ற சொல்லிலுள்ள பெண்ணின் குரல். 'மச்சான்' என்பது உறவுமுறைச் சொல். சிங்கள வழக்கிலே அது ஆண்களின் நட்பு விளியாகியுள்ளது. படத்தின் தலைப்பும் அப்பொருளிலேயே வருகின்றது. மட்டக்களப்புத் தமிழரிடையே அச்சொல் தாய்வழிக் குடிமுறையோடும் மைத்துன மணவுரிமையோடும் பிணைந்தது. இங்கு வீடு பெண்ணுக்கே சீதனமாகச் சேரும். அவ்வீட்டைக் கட்டிமுடிக்கும் சுமை பெற்றோர் மீதும் சகோதரர் மீதும் மட்டுமன்றி, அண்மைக்காலத்தில் அப்பெண்ணின் மீதும் தாயின் மீதுமே விழுந்துள்ளது. மத்திய கிழக்கிற்குச் சென்று உழைத்த பெண்களின் கூலி கல்லாகவும் ஓடாகவும் மாறி இக்கிராமங்களில் நிற்பதை எவரும் காணலாம். 1985 இல் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்ட பின், இவர்களது உழைப்பு அரசின் அந்நியச் செலாவணிக் கணக்கிலே முறைப்படி இடம்பெற்றது. ஆண்கள் கூடி அணியாகி நடத்தும் குதூகலமான ஏமாற்று இப்பெண்களுக்கு வாய்ப்பதில்லை. இவள் தனியாகப் போகின்றாள்; தனியொரு வீட்டுக்குள் அடைபடுகின்றாள்.

பொய்த்தாள் இவர்கள் வாழ்விலும் உண்டு. அது சிரிப்புக்குரியதாக இருக்கவில்லை. கிரானைப் போன்றே கிழக்கு மாகாணத்தைச் சேர்ந்த மூதூரிலிருந்து 2005 இல் சவூதி அரேபியாவுக்குப் பணிப்பெண்ணாக அனுப்பப்பட்ட ரிசானா நபீக் அப்போது பதினேழு வயதினர். அவர் 1988 இல் பிறந்தவர் என்று பிறப்பத்தாட்சி கூறிற்று. கடவுச்சீட்டோ 1982 என்றது. வறிய குடும்பமொன்றின் சிறுமியை வேலைக்கு அனுப்புவதற்காக அவர் வயது தாளில் உயர்த்தப்பட்டிருந்தது. தம் பொறுப்பிலிருந்த குழந்தையின் மரணத்துக்காக 2007 இல் அவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2013 ஜனவரி 9 ஆந் திகதி அது நிறைவேற்றப்பட்டது. அவரைச் சிறுமியாக நோக்கவேண்டும் என்று உலகெங்கிருந்தும் எழுந்த குரல்களுக்கு எதிராகக் கடவுச்சீட்டின் பொய் இறுதிவரை நின்றது.

2004 இல் ஒரு பொய்த்தாள்; 2005 இல் இன்னொரு பொய்த்தாள். இரண்டையும் தோற்றுவித்த சமூக நியதி ஒன்றே: உழைப்பை விற்றாலன்றி வாழ முடியாதோர், உண்மையைக் கூறி அதனை விற்க முடியாதிருத்தல். ஒன்று திருவிழாபோற் பேசப்பட்டது. மற்றது கழுத்தில் முடிந்தது. வேறுபாட்டுக்குக் காரணம் எவருடைய புத்திசாலித்தனமும் அன்று. அணியாகச் சென்ற ஆண்களுக்குக் கிடைத்த இடைவெளி, தனித்துச் சென்ற ஏழைச் சிறுமிக்குக் கிடைக்கவில்லை. 'மச்சான்' படத்தை இவ்விரண்டாவது தாளின் அருகே வைத்துப் பார்க்காதவரை அதன் நகை முழுமையாக விளங்காது என்பதே எமது துணிபு.

6

இன்னுமோர் எல்லையும் சுட்டப்படல் வேண்டும். போலி அணியினர் தம்மை 'இலங்கைத் தேசிய அணி' என்றனர். தேசத்தின் பெயரை வேடமாக அணிவதற்கும் சில தகைமைகள் தேவை. அத்தேசத்தினர் என்பது ஐயத்துக்கு இடமின்றி ஏற்கப்பட வேண்டும். அணி புறப்பட்ட அதே 2004 இல், போர்நிறுத்த உடன்படிக்கை நடைமுறையில் இருந்தபோதிலும், கிழக்கிலே மார்ச் மாதத்தில் இயக்கப் பிளவும் ஏப்ரலில் வெருகலாற்றங்கரையில் இரத்தக்களரியும் நேர்ந்தன. அவ்வாண்டில் கிரானைச் சேர்ந்த இளைஞனொருவன் அடையாள அட்டையுடன் கொழும்புக்குப் போவதே விளக்கங்கள் பல வேண்டிய காரியம். தேசிய அணியின் உடையை அணிந்து விமான நிலையத்தைக் கடப்பது அவனுக்கு எவ்வளவு இயலுமாயிருந்திருக்கும்? அவன் வகுப்பினருக்குக் கிடைத்தது வேறொரு வழி. 2010 இல் கனடாவை அடைந்த 'சன் சீ' கப்பலில் 492 தமிழர் இருந்தனர். அங்கு நகைச்சுவைக்கு இடமிருக்கவில்லை.

சேரியின் வறுமையைக் காரணமாகக் காட்டும் 'மச்சான்', நாட்டின் போரைக் கதையின் இயக்குவிசையாகக் கொள்ளவில்லை. இதனை இனவாதம் என்று கூறுதல் அபத்தமாகும். தமிழ்க் கலைஞரான தர்ஷன் தர்மராஜ் இதில் முக்கிய பாத்திரமொன்றை ஏற்று நடித்தார். அதே கலைஞர் 2012 இல் அசோக ஹந்தகமவின் 'இனி அவன்' படத்திலே, போர் முடிந்தபின் ஊர் திரும்பும் முன்னாட் போராளியாக நடித்தார். வேலை தேடியலைந்து சட்டத்துக்குப் புறம்பான வேலைக்குள் இழுக்கப்படும் பாத்திரம் அது. இரு படங்களையும் அடுத்தடுத்துக் காண்போர்க்கு, வேலையின்மையும் இனப்பிரச்சினையும் தனித்தனிக் கதைகள் அல்ல என்பது புலனாகும். 2022 இல் காலமான அக்கலைஞரின் முகமே அவ்விரு கதைகளையும் இணைக்கின்றது.

2022 ஆம் ஆண்டு இவ்வேறுபாடுகளைப் பெரிதும் குறைத்தது எனலாம். நாட்டின் பொருளாதாரம் வீழ்ந்தபோது, கடவுச்சீட்டுக்கான வரிசையில் எல்லா இனத்தவரும் இரவுபகலாக நின்றனர். அவ்வாண்டு ஓகஸ்டிலே பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்குச் சென்ற இலங்கைக் குழுவினருட் பத்துப்பேர் வரை காணாமற்போயினர் என்ற செய்தி வெளியாயிற்று. இவர்கள் போலிகளல்லர், நாட்டைப் பிரதிநிதித்துவம் செய்ய உண்மையாகவே தெரிவானோர். அவ்வாண்டு நவம்பரில், நடுக்கடலில் தத்தளித்த 303 இலங்கையர் மீட்கப்பட்டு வியட்நாமிற் கரைசேர்க்கப்பட்டனர். பதினெட்டு ஆண்டுகளுக்கு முன் போலி அணி செய்ததை உண்மை அணியினரும் செய்தபோது, போலிக்கும் உண்மைக்கும் இடையிலிருந்த கோடு அழிந்துபோயிற்று. 2004 இன் நிகழ்ச்சியைச் சில குறும்பர்களின் திருவிளையாடலாகக் கருதியோர், அது வரப்போவதன் முன்னறிவிப்பு என்பதை 2022 இல் உணர்ந்திருப்பர்.

7

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்துக் கூறின், உண்மைக் குற்றங்களை ஆதாரமாகக் கொண்ட நகைச்சுவைப் படங்கள் தம் நகையின் நிலைக்களனை எங்கு கொள்கின்றன என்பதே அவற்றின் கருத்துநிலையைத் தீர்மானிக்கின்றது. 'மாஸ்டர்மைண்ட்ஸ்' ஏழையின் பேதைமையைக் கொண்டது. 'தானா சேர்ந்த கூட்டம்' அநீதியைக் கண்டும், விடையைத் தனிமனித சாகசத்திலே தேடிற்று. 'மச்சான்' சிரிப்பை மேல்நோக்கித் திருப்பியது. உழைப்பை விற்பதற்கும் பொய்கூற வேண்டியுள்ள உலகத்தின் மடமையைக் காட்டிற்று. அதனாலேயே அது நம் மதிப்புக்குரியது. மறைந்தோரின் பிற்கதையையும், பெண்களையும், போரையும் அது தொடாமல் விட்டமை அதன் குறை. அக்குறையை ஓர் இத்தாலிய இயக்குநர் நிறைவுசெய்ய வேண்டுமென எதிர்பார்ப்பதிலும் பார்க்க, இப்பிரதேசத்தின் எழுத்தாளரும் கலைஞரும் ஏற்றுக்கொள்ள வேண்டிய பணியாகக் கருதுதலே முறை.

பயணம் பிழைத்துத் திரும்பியவர்களை, முகவரிடம் பணத்தை இழந்தவர்களை, விமான நிலையத்திலிருந்து திருப்பியனுப்பப்பட்டவர்களை நோக்கி நம் ஊர்களிலே எழும் சிரிப்பு ஒன்றுண்டு. ஏமாந்தவன் என்னும் சிரிப்பு அது. கடையிலே காத்திருந்த பம்பாய் இளைஞர்களை நோக்கிச் சிரித்ததும் அதுவே. நகைக்கு இலக்கணம் வகுத்த மரபுக்கு உரியோராகிய நாம், அச்சிரிப்பு எத்திசையிற் பாய்கின்றது என்பதை இனியேனும் கவனித்தல் வேண்டும்.